சோலைவரியும் தொழில் வளர்ச்சியும்

பழைய காணி உறுதிகளோடு பழகிய யாழ்ப்பாணத்தவர்க்குத் ‘தோம்பு’ என்ற சொல் புதியதன்று. போர்த்துக்கேயர் தொடங்க, ஒல்லாந்தர் விரிவாக எழுதுவித்த காணிப் பதிவேடு அது. எந்த வளவு எவருக்கு உரியது, அதன் அளவு என்ன என்பன அதிற் பதியப்பட்டன. குடிகளின் உரிமையைக் காக்க வேண்டும் என்ற அன்பினால் அந்நியர் இதனைச் செய்தாரல்லர். எவரிடம் எவ்வளவு இறை அறவிடலாம் என்று அறிவதற்காகவே செய்தனர். ஒல்லாந்தக் கொம்பனியின் யாழ்ப்பாணத் தளபதியாயிருந்த சுவார்டகுறூன் 1697இல் எழுதி வைத்த நினைவேட்டில் நிலவரி, விளைவிற் பத்திலொன்று, தலைவரி, அதிகாரி வரி, தொழில்வரி என்று வரிகள் நிரையாக நிற்கின்றன. இவற்றுக்கு மேலாக ‘ஊழியம்’ என்ற பெயரிற் கூலியில்லா வேலையும் சில சாதியார்மீது சுமத்தப்பட்டிருந்தது.

வரியின் வரலாறு அரசர்களின் கணக்கு வரலாறு மட்டுமன்று. ஒரு சமுதாயத்தில் எவர் சுமப்பவர், எவர் சுமையிலிருந்து விடுவிக்கப்படுபவர் என்பதைக் காட்டும் கண்ணாடியும் அதுவே. ‘வரியைக் குறையுங்கள், மூலதனம் வரும், மூலதனம் வந்தால் தொழில் பெருகும், பாழ்பட்ட நகரம் மீண்டும் எழும்’ என்ற குரல் போருக்குப் பிந்திய வடபகுதியில் அடிக்கடி கேட்கின்றது. இந்தக் குரலை நாம் முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அதனை வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

இலங்கையில் மூலதனத்துக்கென்று வரிச்சலுகை கொடுக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1820களில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். கோப்பி பயிரிட்ட நிலத்தை விளைவு வரியிலிருந்து விலக்கினார். தோட்டத்தில் உழைப்போரை இராசகாரியக் கடமையிலிருந்து விடுவித்தார். சலுகை வழங்கிய தேசாதிபதி தாமே பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார் என்பதை இங்கே குறிப்பிடாமல் விடுவது பொருந்தாது. கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒன்றாயிருந்த காலம் அது.

இச்சலுகையினாலா கோப்பி வளர்ந்தது? ஓரளவு ஆம். ஆனால் சலுகையோடு வேறு பலவும் சேர்ந்து வந்தன. மலைநாட்டுக்குத் தெருக்கள் வெட்டப்பட்டன; முடிக்குரிய நிலம் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது; தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ் உழைப்பாளரின் உடல்கள் அந்த மலைகளில் உரமாயின. வரிவிலக்கு மட்டும் இருந்து, தெருவும் நிலமும் உழைப்பும் இல்லாதிருந்தால் ஒரு பிடி கோப்பியேனும் துறைமுகத்தை அடைந்திருக்குமா?

விலக்கப்பட்ட வரியின் இடத்தை எவர் நிரப்பினர் என்பது அடுத்த கேள்வி. 1847இல் கோப்பி விலை வீழ்ந்து அரசாங்கத்தின் வருமானம் தளர்ந்தது. அடுத்த ஆண்டில் தேசாதிபதி தொறிங்டன் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். தெருச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும்; அன்றேல் பணம் கட்டவேண்டும். மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அந்தத் தெருச் சட்டம் மலைநாட்டானுக்கு மட்டும் உரியதன்று. கோப்பிச் செடியைக் கண்ணாலும் காணாத வலிகாமத்துத் தோட்டக்காரனையும் வடமராட்சி மீனவனையும் கட்டுப்படுத்தியது. நெல்மீது இருந்த வரியோ 1892இலேதான் ஒழிந்தது. கோப்பித் துரைக்குச் சலுகை முதலில் வந்தது. கமக்காரனுக்கு நீதி இரண்டு தலைமுறை பிந்தி வந்தது. இதற்கிடையில் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. மூலதனம் தேயிலைக்கும் வேறு இடங்களுக்கும் மாறிச் சென்றது. மூலதனத்துக்குச் சொந்த ஊர் இல்லை. உழைப்பவனுக்கே ஊர் உண்டு.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மக்கள் வாயிற் ‘சோலைவரி’ எனவும், சபையின் ஏட்டில் ஆதன வரி எனவும் வழங்கும் வரியை அறியாத வீட்டுக்காரர் யாழ்ப்பாண நகரில் இல்லை. 1906இல் உள்ளூர்ச் சபையாகவும், 1921இல் நகர மாவட்டச் சபையாகவும், 1949இல் மாநகரசபையாகவும் யாழ்ப்பாண நகரின் ஆட்சி படிப்படியாக வளர்ந்தது. அந்த ஆட்சியின் அடிப்படை வருமானங்களில் ஒன்று இந்தச் சோலைவரி. ஒரு வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியின் ஒரு நூற்றுவீதத்தைச் சபை அறவிடுகின்றது. முழுத் தொகையையும் சனவரி முடியுமுன் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்துக் கழிவும் உண்டு.

இந்த வரி எங்கே போகின்றது? தெருவிளக்காகவும் வாய்க்காலாகவும் சந்தையாகவும் குப்பை அகற்றும் வண்டியாகவும் நம்மிடமே திரும்பி வருகின்றது. 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் பொதுமக்களின் நன்கொடையும் சபையின் பராமரிப்பும் சேர்ந்து உருவாக்கிய செல்வம். சுமார் 97,000 நூல்களோடு அது 1981இல் எரிக்கப்பட்டபோது ஒரு கட்டிடம் மட்டுமா எரிந்தது? வரியும் நன்கொடையுமாக ஊர் சேர்த்த பொதுச்சொத்து எரிந்தது. ஆதலின், உள்ளூர் வரியிற் சலுகை என்று சொல்லும்போது அது ஆகாயத்திலிருந்து விழும் கொடையன்று என்பதை நாம் மறத்தலாகாது. ஒருவருக்கு விடப்படும் வரி, இன்னொரு தெருவில் எரியாத விளக்கு.

வடபகுதியின் முதற் பெருந்தொழில் எவ்வாறு தோன்றியது என்பதையும் நோக்குவோம். 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. எந்த முதலாளியும் வரிவிலக்கால் மயங்கி அதனை அங்கே கட்டவில்லை. அரசாங்கமே பொதுப்பணத்தைக் கொண்டு அதனை நிறுவியது. குடாநாட்டின் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் இருந்தது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. 1905 முதல் கொழும்போடு இணைந்திருந்த புகையிரதப் பாதையும் ஒரு துறைமுகமும் அருகில் இருந்தன. கற்ற இளைஞரும் கைத்திறனுள்ள தொழிலாளரும் இருந்தனர். பொருள், பாதை, ஆள், பொது முதல் ஆகிய நான்கும் கூடிய இடத்தில் ஆலை எழுந்தது. 1990இல் அதன் இயக்கம் நின்றதற்கும் வரி காரணமன்று, போரே காரணம்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைந்தது. கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. நீண்டகால வரிவிடுமுறைகள் பெருகின. விமான நிலையமும் துறைமுகமும் அருகிலிருந்த தென்மேற்குக் கரையே அதன் பயனைப் பெற்றது. போர் முடிந்த பின்னரோ வடக்குக்கென்றே ஒரு சலுகை எழுதப்பட்டது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 30 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் முதலிடுவோர்க்குச் செலவின் நூறு வீதத்தை இலாபத்திலிருந்து கழிக்க இடமளித்தது. வடமாகாணத்தில் முதலிட்டால் இருநூறு வீதம். அதாவது நூறு ரூபாவுக்கு இயந்திரம் வாங்கியவர் இருநூறு ரூபா செலவிட்டதாகக் கணக்குக் காட்டலாம்.

பார்வைக்கு இது பெரும் கொடை. ஆனால் இலாபம் ஈட்டுபவருக்கே இலாபவரிக் கழிவு பயன்படும். முப்பது இலட்சம் டொலர் உடையவருக்கே அதன் கதவு திறக்கும். பனைசார் பொருள் செய்யும் கூட்டுறவுச் சங்கமும், வள்ளம் திருத்தும் சிறு பட்டறையும், அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டையில் ஒரு கொட்டகை கேட்கும் இளைஞனும் அக்கதவின் வெளியிலேதான் நிற்கின்றனர். நாடளாவிய அனுபவமும் நமக்கு ஒரு பாடம் தருகின்றது. 2019இன் இறுதியில் வரிகள் பெருமளவிற் குறைக்கப்பட்டன. முதலீடு பாய்ந்து வரும் என்றனர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென நாடு அறிவித்தது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வெறுமையான திறைசேரி எந்த முதலீட்டாளரையும் கவர்ந்ததாக வரலாறு இல்லை.

அப்படியானால் உள்ளூர் ஆதன வரியால் நகரின் மறுமலர்ச்சிக்கு உதவ முடியாதா? முடியும், ஆனால் வழி வேறு. ஆண்டுப் பெறுமதி முறையில் ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கின்றது. குண்டுபட்டு இடிந்த சுவரை அப்படியே விட்டவருக்கு மதிப்பீடு குறைவு; கடன்பட்டு அதனைத் திருத்திக் கடையாக்கியவருக்கு மதிப்பீடு கூடுகின்றது. பாழைப் பேணுபவர் இலேசாகத் தப்ப, கட்டுபவர் சுமக்கின்றார். கட்டிடத்தில் உழைப்பு இருக்கின்றது. நிலத்தின் விலை உயர்விலோ ஊராரின் தெருவும் பள்ளியும் சந்தையும் இருக்கின்றன. உழைப்பை விட்டு நிலப்பேற்றுக்கே வரி விதிக்க வேண்டும் என்று ஹென்றி ஜோர்ஜ் 1879இல் வெளியிட்ட ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலில் வாதிட்டார். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரம் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டிடத்துக்குரிய வீதத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1925இல் நிலத்துக்குரிய வீதத்தின் பாதியாக்கியது. 1980களில் அங்கே கட்டிடங்கள் பெருகின. அதனை ஆராய்ந்தோர், அலுவலக இடத்துக்கிருந்த தேவையே முதற்காரணம், வரிமுறை துணைக்காரணம் என்றே கண்டனர். 2001இல் அம்முறை கைவிடப்பட்டது. வரி வழியைத் திறந்து வைக்கலாம். நடப்பதற்குக் கால்கள் வேறு வேண்டும் என்பதே அந்நகர் தரும் படிப்பினை.

இதிலிருந்து நமக்குப் பொருத்தமானதை எடுக்கலாம். இடிந்த கட்டிடத்தைத் திருத்துவோருக்கும் புதிதாகத் தொழிற்கூடம் அமைப்போருக்கும், சட்டம் இடந்தருமாறு செய்து, சில ஆண்டுகளுக்கு மதிப்பீட்டை உயர்த்தாதிருக்கலாம். அச்சலுகைக்கு முடிவுத் தேதி வேண்டும். எத்தனை பேருக்கு வேலை, என்ன கூலி என்ற நிபந்தனை வேண்டும். எவருக்கு எவ்வளவு விடப்பட்டது என்ற கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படவேண்டும். விலை ஏறட்டும் என்று நகர நடுவிற் காணியைப் பூட்டி வைத்திருப்பவரிடமோ கூடுதலாக அறவிடலாம்.

ஆனால் வெறுங்காணி எல்லாம் ஒரே வகையின அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவரின் வளவும், 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் ஊரை விட்டு நடந்தவரின் வீடும் உரியவரின் பேராசையாற் பாழானவையல்ல. உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்ட நிலங்கள் 2015இன் பின் பகுதி பகுதியாக விடப்பட்டன, முழுவதும் மீளவில்லை. தன் காணிக்குள் கால்வைக்க முடியாத ஒருவருக்கு நூற்றுக்கு இருநூறு கழிவு என்ன செய்யும்? நில மீட்பே இங்கு முதலாவது முதலீட்டு ஊக்குவிப்பு.

2025இல் அரசாங்கம் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களிற் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்போவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. 2023 மார்ச் முதல் இரண்டாண்டுக்கு மேல் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் இல்லாதிருந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு அவ்வாண்டிலேயே தேர்தலும் நடந்தது. ஆகவே கேள்வி கேட்பதற்கு மன்றமும் இன்று நமக்கு உண்டு. எந்த வரி விடப்படும்? எத்தனை ஆண்டுக்கு? அந்த இடைவெளியை எவர் நிரப்புவர்? ஆலைக்கு எடுக்கும் நீர் எந்தக் கிணற்றை வற்றச் செய்யும்? இந்நான்கு கேள்விகளையும் ஆசிரியர்கள் வகுப்பறையிலும் மாணவர்கள் வாசிகசாலையிலும் எழுப்பவேண்டும். பின்னர் சபையின் கூட்டத்துக்கும் எடுத்துச் செல்லவேண்டும். தோம்பு எழுதிய காலத்தில் குடிகளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. இன்று சோலைவரி கட்டும் ஒவ்வொருவருக்கும் அது உண்டு.