கூடுமா என்று கேட்கவில்லை, டேட்டா இருக்கா என்றுதான் கேட்டோம்



கொரோனா காலத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது ஊரடங்கையும் ஜனாஸா எரிப்பையும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். அதே நாட்களில் மாளிகாவத்தை வீடுகளுக்குள் ஸூம் வந்த கதையும் இருக்கிறது. அதைக் கண்ட நாம் இருக்கும்போதே அதையும் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

புதுச் சாதனம் ஒன்று வந்தால் நம் சமூகத்தில் முதலில் எழும் கேள்வி "இது கூடுமா?" என்பதுதான். ஒலிபெருக்கி வந்தபோது இந்திய உபகண்டத்து ஆலிம்கள் அதைப் பற்றிப் பல வருடம் விவாதித்தார்கள். முஃப்தி முஹம்மத் ஷஃபீ ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்கள் தொழுகையில் அதைப் பாவிப்பதை ஆரம்பத்தில் ஏற்கவில்லை. பின்னர் ஆராய்ந்து பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். 2020இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது ஸூமுக்கும் இந்தக் கேள்வி வந்தது. திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றித் தொழ முடியாது, பயான் கேட்கலாம், ஓதல் வகுப்பு நடத்தலாம் என்று பெரும்பாலான ஆலிம்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பாடசாலை விசயத்தில் "கூடுமா" என்று யாரும் கேட்கவே இல்லை. "டேட்டா இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

ஸூம் என்பது எரிக் யுவான் என்பவர் 2011இல் அமெரிக்காவில் ஆரம்பித்த கம்பனி. அலுவலகக் கூட்டங்களை மனதில் வைத்துச் செய்தது. 2019 கடைசியில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 கோடி பங்கேற்பு இருந்தது, 2020 மார்ச்சில் 20 கோடியைத் தாண்டியது என்று கம்பனியே சொன்னது. அந்த மார்ச் 13ஆம் திகதிதான் நம் பாடசாலைகள் மூடப்பட்டன. முதலில் வட்ஸ்அப்பில் நோட்ஸைப் படம் பிடித்து அனுப்பினோம், குரல் பதிவு போட்டோம். பிறகு ஸூம். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான், நம் பாடவேளையும் 40 நிமிடம்தான். பொருத்தம் சரி. ஆனால் அதில் பாதி "கேக்குதா புள்ள, கேக்குதா?" என்பதிலேயே போய்விடும்.

பிளட்ஸிலும் தோட்டங்களிலும் ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால் பெரிய விசயம். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. ஊரடங்கு இல்லாத நாட்களில் உம்மாமார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போன் வாப்பாட கையில டீச்சர், அவர் ராவைக்குத்தான் வருவார்."

அடுத்தது கெமரா. நம் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கெமராவைப் போடவில்லை. மார்க்கப் பேணுதல் என்று ஆசிரியர்கள் பலர் நினைத்தார்கள். சில வீடுகளில் அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் பின்னால் தெரிகிற கொடியில் காயும் துணி, படுத்திருக்கும் மூத்தம்மா, தொங்குகிற மின் வயர், இவற்றைக் காட்ட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? நம்மைப் பழைமைவாதிகள் என்று சொல்லிவிடுவது இலேசு. அந்த ஒரே அறையைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

அந்த நாட்களில் நம் ஊரின் நிலைமை என்ன? 2020 மே 21, நோன்பு காலம். பணம் பகிரப்பட்ட இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் மௌத்தானார்கள். அவர்கள் நம் மாளிகாவத்தையில்தான் மௌத்தானார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு டேட்டா கார்ட் என்பது சின்னச் செலவில்லை. நவம்பரில் மேல் மாகாண ஊரடங்கு தளர்ந்த பிறகும் மாளிகாவத்தை பொலிஸ் பிரிவு அடைபட்டே கிடந்தது. அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு என்ற வீடுகளில் ரீலோட்டா, பால்மாவா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்ததுதான்.

பல்கலைக்கழகங்களுக்கு 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு வழியாக ஸூம் வகுப்புகளை டேட்டாக் கட்டணமில்லாமல் பார்க்க ஏற்பாடு இருந்தது. நம் வகுப்புப் பிள்ளைகள் காசு கொடுத்தே பார்த்தார்கள். பதுளைப் பக்கம் போகிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் டீச்சரும் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறினார்கள், அந்தப் படம் 2021இல் உலகச் செய்தியானது. கொழும்பில் நமக்குச் சிக்னல் முழுசாக இருந்தது. அதனால் நம் பிள்ளைகளைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தின. சம்பள முரண்பாடும் தொழிற்சங்கத் தலைவர்களின் கைதும் காரணம். ஒக்டோபர் வரை நீடித்தது. பாடசாலைக்குப் போகாமல் இருப்பதற்குப் பதிலாக லிங்க் அனுப்பாமல் செய்த வேலைநிறுத்தம் இந்த நாட்டுக்குப் புதிது. சொந்த போனில், சொந்தக் காசில் படிப்பித்தோம் என்ற ஆசிரியர்களின் பேச்சு நியாயமானது. பெற்றோரின் கோபமும் நியாயமானதுதான். ஆனால் ஆரம்பத்திலிருந்தே வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீடுகளில் அந்த வேலைநிறுத்தம் நடந்ததே தெரியாது.

2022 ஜூனில் பெட்ரோல் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் திரும்பவும் மூடப்பட்டன. அப்போது ஸூமைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, லிங்க் பழக்கத்தில் போனது. கரண்ட் வெட்டுக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொண்டோம். இடையில் படிப்பை விட்டுக் கடைக்கும் முச்சக்கரவண்டி கராஜுக்கும் வேலைக்குப் போன பையன்களின் இலக்கங்கள் மட்டும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இருக்கவில்லை.