மக்கா வெற்றியும் மன்னிப்பும்

அரசும் நீதிமன்றமும் காவற்படையும் இல்லாத ஒரு சமுதாயத்திலே மனித உயிருக்குப் பாதுகாப்பாக அமைவது யாது? ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளின் அராபியத் தீபகற்பத்தில் இவ்வினாவுக்குப் பழிக்குப்பழி என்பதே விடையாக இருந்தது. ஒருவன் கொல்லப்பட்டால் அவனது குலம் முழுவதும் அப்பழியைத் தீர்க்கக் கடமைப்பட்டது. கொன்றவனைத்தான் கொல்லவேண்டுமென்ற நியதியும் இல்லை. அவன் குலத்தவருள் இறந்தவனுக்கு நிகரான ஒருவனது உயிர் போதுமானதாயிற்று. ஓர் ஒட்டகத்தின் பொருட்டு மூண்டதாகக் கூறப்படும் பஸூஸ் போர் பக்ர், தக்லிப் ஆகிய குலங்களிடையே நாற்பது ஆண்டுகள் நீடித்தது என்பர். நாற்பது என்னும் எண் மிகையாயிருத்தல் கூடும். ஆயினும் அக்கதையை மிகையென எண்ணாது வழிவழி சொல்லிவந்த ஒரு சமுதாயத்தின் மனநிலையை அது நன்கு புலப்படுத்துகின்றது. அங்கே மன்னித்தல் நற்பண்பாகக் கருதப்படவில்லை. இறந்தவனுக்கு ஆற்றவேண்டிய கடனில் தவறிய கோழைமையாகவே அது எண்ணப்பட்டது.

இப்பின்னணியில் நோக்குமிடத்தே திருக்குர்ஆனின் போதனை எத்துணைத் துணிகரமானது என்பது விளங்கும். அது பழிவாங்கும் உரிமையை முற்றாக நீக்கிவிடவில்லை. கொன்றவனோடு அதனை மட்டுப்படுத்திற்று. அதற்கு மாற்றாக இரத்த ஈட்டுத்தொகையை ஏற்றுக்கொள்ளவும் வழிசெய்தது. இவ்விரண்டுக்கும் மேலாக, உரிமையுடையவனே மனமுவந்து அதனை விட்டுக்கொடுத்தலை உயர்த்திப் பேசிற்று. தீமைக்கு ஒத்த தீமை கூலியாகலாமெனினும், மன்னித்து இணக்கஞ் செய்பவனது நற்கூலி இறைவனிடம் உள்ளது என்பது நாற்பத்திரண்டாம் அத்தியாயம் தரும் கருத்து. மன்னிப்பைக் குறிக்கும் ‘அஃப்வு’ என்னும் அரபுச்சொல்லுக்குச் சுவடழித்தல் என்பதும் ஒரு பொருளாகும். அழிப்பதற்குச் சுவடு ஒன்று இருக்கவேண்டும். அழிக்கும் வலிமையும் வேண்டும். வலியற்றவனின் பொறுமை வேறு, இது வேறு.

கி.பி. 630 ஜனவரியில், ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு ரமழானில், நபிகள் நாயகம் அவர்கள் இவ்வலிமையைப் பெற்றார்கள். மக்காவில் பல்லாண்டு இழைக்கப்பட்ட கொடுமைகள், 622இல் ஊரைத் துறந்து சென்றமை, 625இல் உஹதுப் போர்க்களத்திலே சிறிய தந்தையார் ஹம்ஸா கொல்லப்பட்டு அவரது உடல் சிதைக்கப்பட்டமை என அவர்கள் தீர்க்கக்கூடிய கணக்குகள் பல இருந்தன. 628இல் ஏற்பட்ட ஹுதைபிய்யா உடன்படிக்கையும், குறைஷியரின் நட்புக்குலமான பனூ பக்ர் குஸாஆ குலத்தினரைத் தாக்கியதனால் முறிந்துபோயிற்று. பதினாயிரம் பேர் கொண்ட படை மக்காவை அடைந்தது.

படை நகருள் நுழையுமுன் மதீனாவின் தலைவர்களுள் ஒருவரான ஸஅத் இப்னு உபாதா, இது கொலைக்குரிய நாள் என முழங்கினார். அதனைக் கேள்வியுற்ற நபிகள் கொடியை அவர் கையினின்றும் வாங்குவித்தார்கள். கஃபாவிலோ, எதிரிகளின் தலைவரான அபூஸுப்யானின் இல்லத்திலோ, கதவடைத்துத் தத்தம் வீட்டிலோ இருப்போர்க்கு அபயம் அளிக்கப்பட்டது. காலித் இப்னு வலீத் சென்ற பக்கத்தில் நிகழ்ந்த சிறு மோதல் தவிர நகரம் போரின்றிப் பணிந்தது. பின்னர் கஃபாவின் வாயிலில் நின்று, திரண்டிருந்த குறைஷியரை நோக்கி, நீங்கள் விடுவிக்கப்பட்டோர் எனப் பொருள்படக் கூறினார்கள் என இப்னு இஸ்ஹாக் வழிவந்த வரலாறு உரைக்கின்றது. அந்நூலுக்கும் நிகழ்ச்சிக்குமிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியுண்டு. சொற்கள் அவ்வாறே பேசப்பட்டனவா என ஐயுறுவோர் உளர். ஆனால் நகரம் சூறையாடப்படவில்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை. (தமிழ் வாசகர் இக்காட்சியை உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் காணவியலாது, அக்காப்பியம் இதற்கு முன்னரே நின்றுவிடுகின்றது.)

இம்மன்னிப்புக்கு விலக்குகளும் இருந்தன. அவற்றை மறைத்து எழுதுவோர் நபிகளுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணுகின்றனர் போலும். கொலைக்குற்றஞ் சாட்டப்பட்ட இப்னு கதல் உட்பட ஒரு சிலர் கொல்லப்பட்டனர். எனினும் விலக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தவர்களிற் பலர் பின்னர் மன்னிக்கப்பட்டனர். அபூஜஹ்லின் மகன் இக்ரிமா தப்பியோடியபோது அவர் மனைவி உம்மு ஹகீம் அபயம் பெற்று அவரைத் திரும்ப அழைத்துவந்தார். ஸப்வான் இப்னு உமையா சிந்திப்பதற்கு இரண்டு மாத அவகாசம் கேட்டார்; நான்கு மாதம் கிடைத்தது.

இவர்கள் எல்லோரினும் வஹ்ஷியின் கதையே ஆழ்ந்து நோக்கற்பாலது. ஈட்டியெறிந்து ஹம்ஸாவைக் கொன்ற அடிமை அவர். தாயிபுக்கு ஓடி ஒளிந்து, பின் நபிகளின் முன்வந்து இஸ்லாத்தை ஏற்றார். கொன்ற விதத்தைச் சொல்லுமாறு நபிகள் கேட்டார்கள், அவர் சொன்னார். தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. ஆனால் தம் கண்ணிற் படாதிருக்க இயலுமாவெனக் கேட்டுக்கொண்டார்கள். மன்னிப்பென்றால் உள்ளத்து நோவும் அக்கணமே மறைதல்வேண்டும் என எண்ணுவோர்க்கு இச்செய்தி இடர்ப்பாடாகத் தோன்றலாம். உண்மையில் அவர்களது மன்னிப்பின் பெறுமதியை அளந்தறிய இதனைவிடச் சிறந்த சான்று வேறில்லை. நோவு அப்படியே இருந்தது. பழி மட்டும் கைவிடப்பட்டது.

வெற்றிக்கு மறுநாள் குஸாஆ குலத்தவர் பழைய பகையொன்றின் காரணமாக ஹுதைல் குலத்தவன் ஒருவனைக் கொன்றனர். வெற்றிபெற்ற பக்கத்தின் நட்புக்குலமே செய்த கொலை அது. நபிகள் அதனைக் கண்டித்து, இரத்த ஈட்டுத்தொகையைத் தாமே பொறுப்பேற்றார்கள்.

இவ்வாறு மன்னித்தமைக்கான விலையைக் கொடுத்தோர் யாவர்? அகதிகளாய்ச் சென்றவர்களின் வீடுகள் பிறர் கையிலேயே இருந்தன. நபிகளும் தம் சொந்த ஊரிலே கூடாரத்தில் தங்கினார்கள். சில வாரங்களின் பின் ஹுனைன் போரிற் கிடைத்த பொருள் பங்கிடப்பட்டபோது, நேற்றுவரை எதிரியாயிருந்த அபூஸுப்யான் போன்றோர்க்கு நூறு நூறு ஒட்டகங்கள் அளிக்கப்பட்டன. எட்டாண்டுகள் தோள்கொடுத்த மதீனாவாசிகளான அன்சாரிகள் மனம் புழுங்கினர். உறவினரைக் கண்டதும் தம்மை மறந்துவிட்டார் என முணுமுணுத்தனர். அவர்களது குறை நியாயமற்றதென்று கூறிவிட முடியாது. நபிகளும் அவ்வாறு கூறவில்லை. அவர்களைத் தனியே கூட்டி, ஏனையோர் ஆடும் ஒட்டகமும் கொண்டேக, நீங்கள் இறைதூதரை அழைத்துச் செல்வது போதாதா எனக் கேட்டார்கள். தாடி நனைய அழுதனர் என்பது வரலாறு. பகைவரை மன்னிப்பதனால் நண்பர்க்கு நேரும் மனத்தாங்கலையும் ஆற்றவேண்டியிருந்தது.

மக்காவில் விடுவிக்கப்பட்டோர் ‘துலகா’ எனப்பட்டனர். காலப்போக்கில் அச்சொல் இகழ்ச்சிப் பெயராயிற்று. அபூஸுப்யானின் மகன் முஆவியா 661இல் கிலாபத்தைக் கைக்கொண்டபோது, துலகாவின் வழிவந்தோர்க்கு ஆளும் தகுதி உண்டோ என எதிர்ப்பாளர் கேட்டனர். முஆவியாவின் மகன் யஸீதின் ஆட்சியில், 680இல், நபிகளின் பேரர் ஹுஸைன் கர்பலாவிலே கொல்லப்பட்டார். சிறைப்பட்டு திமிஷ்கு அவைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் சகோதரி ஸைனப், அரியணையிலிருந்த யஸீதை விடுவிக்கப்பட்டோரின் மைந்தன் என விளித்தே வினாத்தொடுத்தார் என்பது மரபு.