கரணமும் கரியும்

திருமணத்தைத் திருமணமாக்குவது யாது? பெற்றோர் கொடுத்தலா, மணப்பார் இருவரின் உள்ளமா, அக்நி முன்னர் நடக்கும் சடங்கா? இவ்வினா நம் இல்லங்களில் இன்று கசப்போடு எழுகிறது. பெற்றோர் கொடாமல் நடந்தது மணமன்று என்பர் முதியோர். இருவரும் இசைந்தபின் சடங்கு எதற்கு என்பர் இளையோர். இரு சாராரும் தத்தம் பக்கமே தொன்மையானது என்று கருதுகின்றனர். பழைய நூல்களை அடைவே நோக்கினால், வழக்கு இத்தனை எளிதன்று என்பது விளங்கும்.

மணம் எட்டு வகைப்படும் என்பது தர்மசாஸ்த்ரக் கொள்கை. அவற்றுள் காந்தர்வம் என்பது இருவர் விருப்பத்தாலேயே நிகழ்வது. தொல்காப்பியனாரும் களவியலின் முதற் சூத்திரத்திலேயே, தமிழர் களவொழுக்கத்தை அவ்வெட்டனுள் கந்தருவத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். சடங்கின் முறை நாடுதோறும் வேறுபடும் என்பதையும் ருஷிகள் மறைத்திலர். தேச தர்மங்களும் க்ராம தர்மங்களும் பலவாதலின் விவாஹத்தில் அவற்றைக் கைக்கொள்க என்று ஆச்வலாயனரும், சில செயல்முறைகளைப் பெண்டிரிடம் கேட்டறிக என்று ஆபஸ்தம்பரும் விதித்தனர்.

சங்கப் பாடல்களில் இவ்வேற்றுமையைக் கண்கூடாகக் காணலாம். அகநானூற்று 86ஆம் பாட்டில், திங்கள் உரோகிணியோடு கூடிய நல்ல நாளில், மணல் பரப்பிய பந்தரில், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் நீரும் மலரும் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். 136ஆம் பாட்டிலும் ஒரு மணம் வருணிக்கப்படுகிறது. இரண்டிலும் தீவலம் கூறப்படவில்லை. சிலப்பதிகாரத்திலோ, முதுபார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். உரோகிணி நாள் மட்டும் மாறவில்லை.

சடங்கு ஏன் தோன்றிற்று என்பதற்குத் தொல்காப்பியம் விடை கூறுகிறது. பொய்யும் வழுவும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அந்நூலின் கற்பியற் கருத்து. இதன் பொருள் சங்கத் தலைவியரின் அச்சத்தில் விளங்கும். குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவி, தன்னைத் தலைவன் கூடிய பொழுதில் வேறு எவரும் இல்லை, ஓடுநீரில் மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றே உண்டு, அவன் பொய்த்தால் என் செய்வேன் என்று கலங்குகிறாள். அகநானூறு 256ஆம் பாட்டு அவ்வச்சம் மெய்யானதையே கூறுகிறது. ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று கள்ளூரில் சூளுரைத்தான். அவையத்தார் கரி கேட்டு, அவன் பொய்யை அறிந்து, மரத்திற் பிணித்து, தலையில் நீறு பெய்து தண்டித்தனர். கரியாவது சாட்சி. களவுக்குக் கரி இல்லை. அக்குறையை நிரப்ப வந்ததே கரணம்.

வடமொழி இதிஹாஸத்தில் சகுந்தலையின் கதையும் இதுவே. காந்தர்வ மணத்திற்குச் சாட்சி இன்மையால் துஷ்யந்தன் அவையில் அவளை அறியேன் என்றான். மஹாபாரதத்தில் அசரீரி வாக்கே சாட்சியாயிற்று. காளிதாஸனோ சாபத்தையும் கணையாழியையும் புகுத்தி அரசனின் பழியைக் குறைத்தான். ஆயினும் கையில் சான்றில்லாத பெண்ணின் நிலை இரண்டிலும் ஒன்றே.

மேலைநாட்டினரும் இதே வழியில் நடந்து இதே இடரைக் கண்டனர். மணத்தை ஆக்குவது கூட்டம் அன்று, இசைவே என்பது உரோமானியச் சட்ட அறிஞர் உல்பியனின் கொள்கை. கிறிஸ்தவத் திருச்சபையும் நெடுங்காலம் இருவர் இசைவையே போதுமானதாகக் கொண்டது. ஆனால் ஒருத்தியை மறைவில் மணந்தவன் அவளைக் கைவிட்டு வேறொருத்தியை வெளிப்படையாக மணக்கும் கேடு பெருகிற்று. அதனைக் காரணமாகக் காட்டியே 1563இல் திரெந்துச் சங்கம், பங்குக் குருவும் சாட்சியர் இருவரோ மூவரோ இன்றி நடந்த மணம் செல்லாது என விதித்தது. இங்கிலாந்தும் 1753இல் மறைமணத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றி, 21 வயது நிரம்பாதோர் உரிமச் சீட்டால் மணப்பதற்குப் பெற்றோர் இசைவையும் வேண்டிற்று. அதனால் இளைஞர் பலர் எல்லை கடந்து ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு ஓடினர். காவலாக வந்த விதி தளையாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

தொல்காப்பியனார் இவ்விடத்தில் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தார். கொடுத்தற்குரியவர் கொடுப்பக் கொள்வதே கற்பு என்று இலக்கணம் கூறியவர், அடுத்த சூத்திரத்திலேயே, உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கொடுப்பார் இன்றியும் கரணம் உண்டு என்றார். கொடுப்பவர் இல்லாதொழியலாம். கரணம் இல்லாதொழிதல் ஆகாது என்பது அவர் துணிபு.

நம் ஸம்ப்ரதாயத்திற்கு இது புறம்பன்று. ராமாவதாரத்தில் ஸீதையாகவும் க்ருஷ்ணாவதாரத்தில் ருக்மிணியாகவும் பிறந்தவள் ஒரே பிராட்டி என்று ஸ்ரீவிஷ்ணுபுராணத்தில் பராசரர் அருளிச்செய்தார். ஸீதையை ஜனகர் நீர்வார்த்துக் கொடுக்க முற்பட்டபோதும், தந்தையின் திருவுள்ளம் அறியாமல் பெருமாள் ஏற்றிலர் என்பதைப் பிராட்டியே அநஸூயைக்குக் கூறினாள். ருக்மிணியோ தமையன் சிசுபாலனுக்கு நிச்சயித்ததை மறுத்து, அந்தணர் ஒருவரைத் தூதுவிட்டு, தன்னை வலியக் கொண்டுபோகுமாறு கண்ணனை வேண்டினாள். கண்ணனும் கொண்டுபோந்து, துவாரகையில் ஊரறிய விதிப்படி மணந்தான் என்கிறது ஸ்ரீபாகவதம். கொடுக்கப்பட்டவளும் தானே வரித்தவளும் ஒரே பிராட்டியாயிருக்க, ஒன்றை உயர்த்தி மற்றொன்றை இழித்துரைக்க நமக்கு வழியேது? இரண்டிலும் குறையாமல் நின்றது ஊரறிந்த சடங்கு.

பெரியாழ்வார் திருமொழி மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழியில் பேசும் திருத்தாயாரின் கவலையும் இதுவே. மகள் எம்பெருமான் பின் போய்விட்டாள். தாய் வருந்துவது தன் உரிமை போயிற்று என்று மட்டும் அன்று. கூடிய கூட்டமே அமையும் என்று இருந்துவிடுவானோ, நாடும் நகரும் அறிய மணம் செய்து தக்கபடி கைப்பற்றுவானோ என்பதே அவள் கேள்வி. போன மகளை அவள் வெறுக்கவில்லை. மகளுக்குக் கரணம் வாய்க்குமோ என்றே ஏங்குகிறாள்.

அக்கேள்விக்கு விடைபோல அமைந்தது நாச்சியார் திருமொழியில் வாரணமாயிரம் என வழங்கும் ஆறாம் திருமொழி. மகள் பேசுதல், காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீவலம் செய்தல், அம்மி மிதித்தல், பொரியிடுதல் எனச் சடங்குகள் நிரலே வருகின்றன. தமையன்மார் முன்னின்று அச்சுதன் கைம்மேல் அவள் கையை வைக்கின்றனர். ருக்மிணிக்குத் தமையன் செய்யாததை இவளுக்குத் தமையன்மார் செய்கின்றனர். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அவள் தோழியிடமே சொல்கிறாள். கனவிற் கண்ட மணத்திற்கும் ஒரு கரி வேண்டியிருந்தது.

பொய்யாத எம்பெருமானுக்குச் சடங்கு எதற்கு எனில், அங்கே சடங்கு உறவைப் படைக்க வந்ததன்று. நவவித ஸம்பந்தத்துள் பர்த்ரு பார்யா ஸம்பந்தத்தை ப்ரணவத்தின் உகாரத்தில் வைத்துக் காட்டினர் பூர்வர்கள். உகாரம், ஆத்மா மற்றொருவர்க்கு உரியதன்று என்பதைச் சொல்லும். அவ்வுறவு ஒழிக்க ஒழியாதது. சடங்கு அதனை வெளியிடுகிறது. மாந்தர் மணத்திலோ சொல் தவறக்கூடுமாதலால், வெளியிடுதலோடு காத்தலும் சடங்கின் தொழிலாயிற்று.

இக்காலச் சட்டமும் பழைய நெறியிலிருந்து விலகிற்றென்று சொல்வதற்கில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், இருவருள் ஒருவரின் வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்றும், ஸப்தபதி உள்ள வழக்கில் ஏழாம் அடியோடு மணம் நிறைவுறும் என்றும் கூறும். 1967ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தம், உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்று மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ செல்லும் என்றது. மந்த்ரம் விடப்பட்ட அங்கும் சாட்சி விடப்படவில்லை.

ஆகவே முதியோர் அறியத்தக்கது ஒன்று: சடங்கு சாட்சியெனின், எதற்குச் சாட்சி என்பதை எண்ண வேண்டும். மகளின் உள்ளத்தைக் கேளாமல் அவள் கையைப் பிடித்துக் கொடுத்தால், அக்நி எந்த இசைவுக்குக் கரியாகும்? இளையோர் அறியத்தக்கதும் ஒன்று: சொல் உறுதியாயிருக்கும் நாளில் சடங்கு மிகையாகவே தோன்றும். சொல் தளரும் நாளில் கைவிடப்பட்டவருக்கு அதுவே துணை. கொடாமல் நடந்த மணத்தால் மகளை இழந்ததாக எண்ணும் பெற்றோர் திருத்தாயாரின் கேள்வியை ஒருமுறை தமக்குள் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கும் காலம் கடந்தாலும், கரியாக நிற்கும் காலம் கடந்துவிடவில்லை என்பது அடியேன் துணிபு.