தோட்டத்து மைதானத்தில் ஒரு கலியாண வரவேற்பு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பல தோட்டங்களில் கலியாண வரவேற்பு என்றால் அது விளையாட்டு மைதானம்தான். காரணம் எளிது. ஒரு லயன் அறை ஏறக்குறைய 10க்கு 12 அடி. அதன் வாசலும் அடுத்த வீட்டுக்காரரோடு பொதுவானது. முந்நூறு பேருக்கு இலை போட அங்கே இடமில்லை. நகரத்து மண்டபத்துக்கோ வாடகையோடு பஸ் கூலியும் சேர்ந்துவிடும்.

மைதானம் யாருடையது என்பதே முதல் கேள்வி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்றும் அரசுக்குரியது. அதில் தலைமுறைகளாக உழைத்தவர்கள், பிள்ளையின் கலியாணத்துக்குப் பந்தல் கால் நட முகாமையாளரின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பார்த்தவரையில், வாய்ப்பேச்சு அனுமதி பயன்படாது. துரை மாறினால் பேச்சும் மாறிவிடும். தோட்டத் தலைவர் மூலம் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது. திகதி, நேரம், மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படும், மறுநாள் துப்புரவு யார் பொறுப்பு என்பன கடிதத்தில் இருக்கட்டும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாகத் தேவை. 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இடமில்லை. வடகிழக்குக்கு வெளியிலும் அரச அலுவலகங்களோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. நடைமுறையில், சிங்களப் பிரதியொன்றையும் கொண்டுபோனால் அலைச்சல் குறையும்.

அடுத்தது மழை. தென்மேற்குப் பருவமழை இந்த மலைகளில் மே மாதத்தில் இறங்கும். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், புளத்கொகுப்பிட்டிய களுப்பான தோட்டத்திலும் மண்சரிவு வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனது. ஆகவே தை, மாசி மாதங்களே பாதுகாப்பு. மழைக்காலத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால், சரிவின் அடியிலுள்ள மைதானத்தைத் தவிருங்கள். தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தறப்பாளைச் சாய்வாகக் கட்டி, சுற்றிலும் கான் வெட்டுங்கள். சமையலைப் பந்தலுக்கு வெளியே தனிக் கொட்டிலில் வையுங்கள்.

எழுதப்படாத ஒழுங்குகளும் உண்டு. தோட்டத்தில் சாவு விழுந்தால், யாரும் சொல்லாமலே பாட்டு நிற்கும். கோயிலில் வாங்கிய அண்டா, கிடாரம் கழுவப்பட்டு மறுநாளே திரும்பும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் அழைப்பு போகும்.

அந்த அழைப்புக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1977, 1981, 1983 வன்முறைகளில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. 1977க்குப் பிறகு பல மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. உயிருக்குப் பயந்து போனவர்களை 2009 வரை போர் அங்கேயும் துரத்தியது. இன்று இந்த மைதானங்களில் நடக்கும் கலியாணங்களுக்கு வன்னியிலிருந்தும் சொந்தக்காரர் வருகிறார்கள். முந்நூறு நாற்காலி போடுவதில் அதுவும் ஒரு கணக்கு. பிரிந்துபோன குடும்பம் மொத்தமாக உட்கார லயத்தில் இடமில்லை. மைதானத்தில் இருக்கிறது.

அதற்கு அனுமதிக் கடிதம் தேவைப்படாத காணியுரிமை எப்போது வரும் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.