முதல் வகை நீரிழிவும் உடன்வரும் தன்னெதிர்ப்பு நோய்களும்

நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அழிப்பதால் வருவது முதல் வகை நீரிழிவு. தாக்குதல் அங்கேயே நிற்பதில்லை; நோயெதிர்ப்பை ஒழுங்குபடுத்தும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் இத்தகைய நோய்களுக்குப் பொதுவாக இருப்பதால் தைராய்டு, சிறுகுடல், அட்ரீனல் சுரப்பி, தோல் ஆகியவையும் பாதிக்கப்படலாம். தைராய்டு பாதிப்பே இவற்றுள் மிகுதி. ஆகவே இன்சுலினோடு சிகிச்சை முடிவதில்லை. கோவை மாவட்டத்துச் சோமனூரின் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று வளராமல் நின்றாலோ, வழக்கமான இன்சுலின் அளவிலேயே அடிக்கடி சர்க்கரை தாழ்ந்தாலோ, ஊசி போட்டவரை மட்டும் குறைசொல்வது தவறு. கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயோ, அட்ரீனல் சுரப்பி பழுதடையும் அடிசன் நோயோ காரணமாகலாம்.

அரிசி உண்ணும் தெற்கில் சீலியாக் அரிது என்பர். 2016இல் வெளியான ஆய்வில் அதன் எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. ஆனால் அது பொதுமக்கள் கணக்கு. முதல் வகை நீரிழிவுள்ளோருக்கு ஆபத்து பல மடங்கு. பரோட்டாவும் பிஸ்கட்டும் கோதுமையை அன்றாட உணவாக்கிவிட்டன. தறிக்கூலியில் வாழ்வோருக்கு இந்நோய்களைக் கண்டறியும் சோதனைகளின் செலவு சுமை என்பது நியாயமான கவலையே. கோவையின் இதயங்கள் அறக்கட்டளை முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு இன்சுலினை இலவசமாக வழங்குகிறது. சோதனைகளுக்கும் அத்தகைய ஆதரவு வேண்டும். நீரிழிவைக் கண்டறிந்தவுடன் தைராய்டு, சீலியாக் சோதனைகளைச் செய்து, பின் தைராய்டை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம்.