கொத்தனார்களும் காதலித்த காலம்

பிரிட்டனின் சாதாரணத் தொழிலாளி ஒருவர், பாஸ்போர்ட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், வேலை தேடி, அங்கேயே ஒரு பெண்ணை விரும்பித் தங்கிவிடவும் கூடிய உரிமை 2020 டிசம்பர் 31 இரவு 11 மணிக்குக் காலமானது. 1973 ஜனவரி 1 அன்று, பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த நாளில் பிறந்தது, வயது 47. இரங்கல் செய்தியோடு ஒரு படம் போட வேண்டுமென்றால், நான் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரிலிருந்துதான் எடுப்பேன்: ‘ஆஃப் வீடர்ஸேன், பெட்’.

1983 நவம்பரில் ஐடிவியில் அது தொடங்கியபோது பிரிட்டனில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள். கப்பல் கட்டும் துறைகளும் சுரங்கங்களும் ஒடுங்கிக்கொண்டிருந்த வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து மூன்று கொத்தனார்கள் டுசெல்டார்ஃப் நகரின் கட்டுமானத் தளம் ஒன்றுக்குப் புறப்படுகிறார்கள். அங்கே ஒரு தச்சர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு பூச்சு வேலைக்காரர், இன்னொரு கொத்தனார் என்று இங்கிலாந்தின் வேறு வேறு மூலைகளிலிருந்து வந்தவர்கள் சேர, எழுவரும் ஒரு மரக்கொட்டகையில் குடியிருக்கிறார்கள். இந்தக் கதைக்கரு இயக்குநர் ஃபிராங்க் ராடமுடையது. அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள் உண்மையிலேயே அப்படி ஜெர்மனிக்குப் போய் வேலை பார்த்தவர்கள். எழுதியவர்கள் டிக் கிளமென்ட், இயன் லா ஃபிரனே இணையர்.

வெளிநாட்டில் காதல் என்றால் திரையில் எப்போதும் படித்தவர்கள், ஓவியர்கள், பணக்காரர்களின் விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. இன்றும் அப்படித்தான். ‘எமிலி இன் பாரிஸ்’ தொடரின் நாயகியைப் பாரிஸுக்கு அனுப்பி வைப்பது ஒரு விளம்பர நிறுவனம். ஆனால் டுசெல்டார்ஃபுக்குப் போன இந்த எழுவரின் நகக்கண்ணில் சிமென்ட் இருந்தது. சனிக்கிழமை இரவு அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்புவார்கள். மொழி தெரியாது. கையில் காசும் அளவோடுதான். ஆனாலும் ஒரு பெண் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் உண்டு என்பதை அந்தத் தொடர் கேலி செய்யாமல் காட்டியது. சிரிப்பு அவர்களுடைய தடுமாற்றத்தில் இருந்தது. அவர்களுடைய ஆசையில் இல்லை.

டிம் ஹீலி நடித்த டென்னிஸை நினைத்துப் பாருங்கள். நாற்பதை நெருங்குகிற மனிதர். ஊரில் திருமணம் முறிந்துகொண்டிருக்கிறது; குழந்தைகள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் டாக்மர் என்ற பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்படுகிறது. அதில் பெரிய வசனங்கள் இல்லை. இவ்வளவு தாமதமாக இன்னொரு வாழ்க்கை தனக்கு அமையக்கூடும் என்பதை நம்பத் துணியாத ஒருவரின் தயக்கம்தான் அதில் முழுக்க இருக்கிறது. பிரிகிட் கான் அந்தப் பெண்ணை அமைதியான, தன்மானம் மிக்க ஒருத்தியாக நடித்தார். மறுபுறம் கெவின் வாட்லியின் நெவில், மனைவியை நினைத்தே உருகிக்கொண்டிருக்கும் இளைஞன். குடித்துவிட்டுக் கண்விழித்த ஒரு காலையில், தன் கையில் வேறொரு பெண்ணின் பெயர் பச்சை குத்தப்பட்டிருப்பதைப் பார்த்து அவன் அடையும் பீதியை இப்போது பார்த்தாலும் வயிறு குலுங்கும். அவன்மேல் இரக்கமும் வரும்.

ஜிம்மி நெயிலின் ஆஸ் வேறு ரகம். உரத்த குரல், ஜெர்மானியர்மேல் பழைய போர்க்காலத்து வெறுப்பு. தளத்தில் வெடிக்காத குண்டு ஒன்று கண்டெடுக்கப்படும் அத்தியாயத்தில் அந்த வெறுப்பு எவ்வளவு பொருளற்றது என்று தெரிந்துவிடுகிறது. தொடரின் குறையும் எனக்குத் தெரிகிறது. ஜெர்மன் பெண்களை அது பெரும்பாலும் ஆண்களின் கண்வழியாகவே பார்த்தது. டாக்மருக்கு இன்னும் நிறையக் காட்சிகள் கிடைத்திருக்க வேண்டும்.

தொடரின் இரண்டாம் பருவப் படப்பிடிப்பு முடிவதற்குள், 1985 அக்டோபரில், பெண்களிடம் மனதைப் பறிகொடுத்துக்கொண்டே இருக்கும் தச்சர் வேய்னாக நடித்த கேரி ஹோல்டன் இறந்துபோனார். ஒத்த உருவம் கொண்ட ஒருவரை வைத்து மீதியை முடித்தார்கள். 2002இல் பிபிசி தொடரை மீண்டும் உயிர்ப்பித்தபோது வேய்னின் மகன் அந்தக் குழுவில் வந்து சேர்ந்தான். 2004இல் நான்காவது கொத்தனார் பாம்பராக நடித்த மல்யுத்த வீரர் பாட் ரோச்சும் மறைந்தார். அந்த ஆண்டோடு தொடரும் நின்றது.

ஐரோப்பாவில் போய் வேலை பார்க்கும் அந்த உரிமையின் முடிவு தீர்மானமானது, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்ற 2016 வாக்கெடுப்பில். டென்னிஸும் நெவிலும் ஆஸும் பிறந்து வளர்ந்த வடகிழக்கு இங்கிலாந்தில் 58 சதவீதம் பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலைகள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த ஊர்களுக்கு ஈடான வேலை வந்து சேரவில்லை. ஐரோப்பா அங்கே பலருக்கு எங்கோ இருக்கும் ஓர் அலுவலகமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் முதல்முறை வேலை போனபோது அதே ஊர்களின் ஆண்களுக்குக் கூலி கொடுத்தது ஐரோப்பா. சிலருக்குக் குடும்பத்தையும் கொடுத்தது. அந்த நினைவு வாக்குச்சாவடி வரை போகாமல் நின்றுவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இன்று ஒரு டென்னிஸ் நியூகாசிலிலிருந்து கிளம்பினால், விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் தங்கலாம், அதுவும் சுற்றிப்பார்க்கத்தான். செங்கல்லைத் தொட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். எப்படியோ ஒரு டாக்மரைச் சந்தித்து, மணந்து, ஊருக்கு அழைத்துவர விரும்பினால் அங்கே இன்னொரு கதவு. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, துணையை அழைத்துவருபவர் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். ஒரு தளத்தில் மூன்று மாதம், அடுத்த தளம் கிடைக்கும்வரை சும்மா என்று வாழ்கிற கொத்தனாரிடம் அதற்கான காகிதங்கள் பெரும்பாலும் இருக்காது.