மக்கடாமியாக் கொட்டை

ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கிலும் உள்ள மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட பசுமை மாறா மரமொன்றின் விதை மக்கடாமியாக் கொட்டை எனப்படும். இப்பேரினத்தின் நான்கு இனங்களில் இரண்டின் பருப்பே உண்ணத்தக்கது. மற்ற இரண்டும் சயனைடு தரும் சேர்மங்கள் மிகுந்து கசப்பவை. ஐரோப்பியர் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்நிலத்தின் பழங்குடியினர் கொட்டையைக் கல்லால் உடைத்து உண்டு வந்தனராயினும், 1857இல் அதற்குத் தாவரவியல் பெயரிட்ட பெர்டினாண்ட் வான் முல்லர், மெல்பேர்னில் வாழ்ந்த ஜான் மக்காடம் என்ற வேதியியலாளரின் பெயரையே சூட்டினார்.

கொட்டை பெருமளவில் வணிகப் பயிரானது தாயகத்தில் அன்று, ஹவாயில். 1880களின் தொடக்கத்தில் வில்லியம் பர்விஸ் என்பவர் அங்கு விதைகளைக் கொண்டு சென்றார்; 1922இல் எர்னஸ்ட் வான் டாசல் அதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஒன்றுபோல் காய்க்காமல் பருப்பின் அளவிலும் தரத்திலும் வேறுபட்டதோடு, ஒட்டுக்கட்டும் முயற்சிகளும் பெரும்பாலும் பொய்த்தன. ஒட்டுக்கு எடுக்கவிருக்கும் கிளையின் பட்டையைச் சில வாரங்களுக்கு முன்பே வளையமாக நீக்கினால் அதில் மாவுச்சத்து சேர்ந்து ஒட்டு பிடிக்கிறது என்பதை ஹவாய் ஆய்வாளர்கள் 1930களில் கண்டறிந்த பின்னரே, தேர்ந்த ரகங்களைக் கொண்டு பெருந்தோட்டங்கள் அமைப்பது இயல்வதாயிற்று.

சமையலைப் பொறுத்தவரை பருப்பு ஒரே சீராக அமைவது சிறு செய்தியன்று. நன்கு முற்றிய பருப்பில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் கொழுப்பு இருப்பதால் அது நீரில் மிதக்கும்; முற்றாதது எண்ணெய் குறைந்தும் சர்க்கரை மிகுந்தும் இருப்பதால் மூழ்குவதோடு, வறுக்கும்போது விரைவில் கருகியும் விடும். மிதப்பதையும் மூழ்குவதையும் பிரித்த பின் வறுக்கும் ஆலைமுறை இவ்வேறுபாட்டைப் பயன்கொண்டதே. பறித்த கொட்டையை நன்கு உலர்த்தினால் பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகும். அதன் பின்னரே, கொட்டைகளுள் மிகக் கடினமான ஓடுகளில் ஒன்றாகிய இதனைப் பருப்பு சிதையாமல் உடைக்க முடியும். கொழுப்பு மிகுதியால், காற்றுப் புகும் கலத்தில் வைத்த பருப்பு விரைவில் காறல் வாடை பெறும்.

இன்று ஹவாயில் இப்பருப்பு சாக்லேட் பூசிய இனிப்பாகவும், பொடித்து மீனின் மேல் ஒட்டிப் பொரிக்கும் மேற்பூச்சாகவும், வெள்ளைச் சாக்லேட்டோடு பிஸ்கட்டிலும் பயன்படுகிறது. மலேசிய, இந்தோனேசியச் சமையலில் குழம்புக்கும் சம்பலுக்கும் அரைக்கும் மசாலாவில் சேரும் மெழுகுவர்த்திக் கொட்டை கிடைக்காத நாடுகளில், அதே கொழுகொழுப்பைத் தருவதால் மக்கடாமியா அதற்கு ஈடாகிறது. மெழுகுவர்த்திக் கொட்டை பச்சையாக உண்டால் நச்சாகும் என்பதால், வேகவைக்காத பண்டங்களில் மக்கடாமியாவுக்குப் பதிலாக அதனைச் சேர்க்கலாகாது.